பூட்டியே இருந்த சீட்டுப் பெட்டி

சுனாமிக்கு மறுவருடம். குமராட்சிப் பக்கம் ஒரு பள்ளியில் நூலகப் பொறுப்பு என்னிடம் இருந்தது. என்னென்ன புத்தகம் வாங்கலாம் என்று பிள்ளைகளே சீட்டு எழுதிப் போடுவதற்காக ஒரு பெட்டி வைத்தோம். சோம்பலில் நான் அதைத் திறக்கவே இல்லை. எனக்குத் தெரிந்த இலக்கண, கட்டுரை நூல்களை எழுதி, வருகைப் பதிவேட்டைப் பார்த்து ஒவ்வொன்றுக்கும் எதிரே, கேட்டது இந்தப் பிள்ளை என்று ஒரு பெயரைப் போட்டு மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டேன்.

ஒருநாள் கடலூரிலிருந்து கல்வி அதிகாரி வந்தார். கையில் என் பட்டியல். நேராக எட்டாம் வகுப்புக்குள் நுழைந்தார்.

"செல்வி யாரும்மா? இந்த இலக்கண புக்கு நீ கேட்டதா?"

வேலை போயிற்று என்றே நினைத்தேன். செல்வி ஒரு கணம் என் முகத்தைப் பார்த்தாள்.

"ஆமா சார், நான்தான் கேட்டேன்."

அதிகாரி தலையாட்டிவிட்டுக் கிளம்பினார். வராந்தாவில் செல்வி என் பின்னாலேயே ஓடி வந்தாள்.

"டீச்சர், வெள்ளம் வந்தா எப்படித் தப்பிக்கிறதுன்னு ஒரு புக்கு கேட்டுச் சீட்டு போட்டிருந்தேனே, படிச்சீங்களா?"

பெட்டியின் சாவி என் கைப்பையில்தான் கிடந்தது.

அதிகாரி கேட்டபோது என்னைக் காப்பாற்ற அவள் இருந்தாள். அவள் கேட்டபோது எனக்கு யாரும் இல்லை. அந்தக் கேள்வி இன்னும் என்னை விடவில்லை.