வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் நின்ற வண்டி

சிறுவயதில் வந்த காய்ச்சலில் எனக்கு இரண்டு காலும் போய்விட்டன. கையை ஊன்றித்தான் நகர்வேன். அம்மா இறந்ததும், மன்னார்குடியில் இருந்த அண்ணன் தன் வீட்டோடு வந்துவிடச் சொன்னார். நான் போகவில்லை. பண்ணையாட்களுக்கு சர்க்கார் மனைப்பட்டா கொடுத்தபோது என் பெயருக்கும் ஒன்று வந்திருந்தது. அதில் குடிசை போட்டு, தென்னங்கீற்று முடைந்து விற்றுச் சாப்பிட்டேன். யாரிடமும் கையேந்தவில்லை.

யூனியன் ஆபீசில் மூன்று சக்கர வண்டி கொடுத்தார்கள், கையால் சுற்றி ஓட்டுவது. ஆனால் என் வீட்டுக்கும் ரோட்டுக்கும் நடுவே வாய்க்கால். குறுக்கே ஒற்றைத் தென்னைமரம்தான் கிடந்தது. வண்டி அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். அண்ணன் வந்து பார்த்துவிட்டு, மேட்டூர்த் தண்ணீர் வருவதற்குள் பாலம் வராவிட்டால் என்னைக் கூட்டிக்கொண்டு போய்விடுவேன் என்றார். சரி என்று ஒப்புக்கொண்டேன்.

ஊராட்சித் தலைவரிடம் மனு கொடுத்தேன். பாலம் போட்டால் வயலுக்குப் போகும் தண்ணீரை மறிக்கும் என்று மிராசுதார் தடுத்தார். விவசாயத் தொழிலாளர் சங்கத்துக்காரர்கள் கொடி நட்டுப் போராடலாம் என்றார்கள். அந்த வருஷங்களில் எதற்கும் கொடிதான். கொஞ்சம் பொறுக்கச் சொன்னேன். ஒருநாள் மிராசுதாரே கரைக்கு வந்தார். தினமும் என்னைத் தூக்கிக் கடத்த ஓர் ஆளை விடுவதாகச் சொன்னார்.

"தூக்கிக் கடத்த நான் நெல்மூட்டை இல்லீங்க. தண்ணி மறிக்காம இருக்க எவ்வளவு பெரிய குழாய் வேணும்னு நீங்களே சொல்லுங்க," என்றேன்.

கொடியைவிடக் குழாய் தேவலாம் என்று நினைத்தாரோ என்னவோ, அளவு சொன்னார். பெரிய அளவு. யூனியன் ஓவர்சியர் அந்தச் சிமெண்டுக் குழாயைப் பதித்து மேலே மண் போட்டதும், பாலம் ஆமை முதுகு மாதிரி எழும்பி நின்றது. வண்டியை என் வீட்டுப் பக்கம் தள்ளிவரச் சொல்லி, அங்கிருந்து ஏறிப் பார்த்தேன். பாதியிலேயே பின்னால் உருண்டது.

"அழுத்திச் சுத்தும்மா, பழகிடும்," என்றார் ஓவர்சியர்.

நான் இறங்கிக்கொண்டேன். "நீங்க ஒருவாட்டி ஓட்டிக் காட்டுங்க சார். காலை மட்டும் ஊனாதீங்க."

உட்கார்ந்தார். பாதி ஏறினார். அப்படியே சறுக்கி வந்து என் வேலிப்படலில் முட்டிக்கொண்டார். வயலுக்குப் போய்க்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி, "அழுத்திச் சுத்துங்க சார், பழகிடும்," என்றாள்.

மறுநாளே இரண்டு பக்கமும் மண் கொட்டிச் சரிவை நீளமாக இழுத்துவிட்டார்.

மேட்டூர்த் தண்ணீர் வந்து கல்லணையைத் திறந்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டு அண்ணன் வந்தார், என் பாத்திரங்களைக் கட்டக் கோணிச்சாக்கோடு. அவருக்குச் சோறு போட்டேன். சாப்பிட்டதும் பஸ் ஏற்றிவிடக் கிளம்பினேன். பாலத்தில் ஏறும்போது வண்டி லேசாகிவிட்டது. திரும்பிப் பார்த்தால், பின்னாலிருந்து தள்ளுகிறார்.

"கையை எடுண்ணே," என்றேன்.

எடுத்தார்.