அம்மா சொன்ன வாக்கியமும் இரண்டு ஆய்வேடுகளும்

உத்தமபாளையத்தில் நான் வேலை பார்த்த டிடிபி சென்டருக்கு ஒரே ஒரு ஜன்னல். அது மேற்கே பார்த்தது. தென்மேற்குக் காற்று தொடங்கிவிட்டால், மலையிலிருந்து சாரல் கிளம்பி வயல்களின் மேல் மெல்ல இறங்கிவருவது என் நாற்காலியிலிருந்தே தெரியும். அதை மழை என்று சொல்ல முடியாது. ஈரமான ஒரு வெளிச்சம், அவ்வளவுதான். அது வந்து முகத்தில் படுவதற்குள் ஒரு பக்கம் அடித்து முடித்திருப்பேன். என்ன அடித்தாய் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் செய்த விரல்கள், அர்த்தத்துக்காகக் காத்திருப்பதில்லை.

இரண்டாயிரம் பிறந்து ஓரிரு வருஷம் ஆகியிருந்தது. எனக்கு இருபத்தொன்றோ இரண்டோ. அனுமந்தன்பட்டியில் அம்மாவும் நானும் மட்டும். அம்மா விடிவதற்குள் ஜீப் ஏறி, கம்பம்மெட்டு வழியாக மலைமேல் கேரளத்து ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போய்விடுவாள். நான் ஒன்பது மணி பஸ்ஸில் பாளையத்துக்கு வருவேன்.

அந்தக் கோடையில் எம்.ஃபில். படிக்கிற இரண்டு பேர் தங்கள் ஆய்வேட்டை அடிக்கக் கொடுத்தார்கள். இருவருக்கும் ஒரே கல்லூரி, ஒரே பொருளாதாரத் துறை, ஒரே கைடு. தலைப்பும் கிட்டத்தட்ட ஒன்றுதான்: உலகமயமாக்கலும் கம்பம் பள்ளத்தாக்கும். ஒருவர் பாளையத்து ராவுத்தர் வீட்டுப் பிள்ளை. அவருடைய அத்தா மிளகும் ஏலக்காயும் வாங்கி விற்கிறவர். பளிச்சென்று சலவைச் சட்டை, அழகான கையெழுத்து. என்னை "சிஸ்டர்" என்பார், நான் அவரை "சார்" என்பேன். இன்னொருவர் கெங்குவார்பட்டியிலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கிப் படித்த பெண். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். அக்கா என்று கூப்பிட்டேன். அவருடைய கையெழுத்து கோழி கிளறியதுபோல இருக்கும். சந்தேகம் கேட்டால், பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து முழு அத்தியாயத்தையும் தமிழில் சொல்லிவிட்டுத்தான் போவார்.

அப்படித்தான் எனக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விளங்கியது. சார் எழுதியதன் சாரம் இது: எந்த மண்ணுக்கு எது தோதோ அதை அந்த மண் விளைவித்து மற்றதை வெளியிலிருந்து வாங்கிக்கொண்டால் எல்லோருக்கும் நல்லது. நாடுகளுக்கு நடுவில் உள்ள சுவர் இறங்க இறங்க, இந்தப் பள்ளத்தாக்கும் ஏறும். அக்கா எழுதியது நேரெதிர். உலகத்துக்கு ஒரு மையம் இருக்கிறது, விளிம்பும் இருக்கிறது. சரக்கு விளிம்பிலிருந்து போகும். விலை மையத்திலிருந்து வரும். விளிம்பு எவ்வளவு உழைத்தாலும் விளிம்பாகவே இருக்கும்படிதான் அந்த ஏற்பாடு.

காலையில் சாரின் பக்கங்கள், மதியத்துக்குமேல் அக்காவின் பக்கங்கள். காலையில் ஜன்னலுக்கு வெளியே தெரியும் மலை, கப்பலுக்குக் காத்திருக்கிற துறைமுகம் மாதிரி இருக்கும். மதியம் அதே மலை, யாரோ உறிஞ்சிப் போட்ட பழம் மாதிரி. பஸ் ஏறும்போது எது நிஜமென்று தெரியாமல் ஒரு மிதப்பில் இருப்பேன். அந்த மிதப்பு எனக்குப் பிடித்திருந்தது என்றும் சொல்ல வேண்டும்.

"எங்கம்மா மலைக்குத்தேன் போறாக" என்று இரண்டு பேரிடமும் நானே வாயைக் கொடுத்தேன். இரண்டு பேரும் வெவ்வேறு ஞாயிற்றுக்கிழமையில் வீட்டுக்கு வந்து, வினாத்தாளை மடியில் வைத்துக்கொண்டு அம்மாவைக் கேள்வி கேட்டார்கள். சார் வந்தபோது நான் கடைக்குப் போயிருந்தேன். அக்கா வந்தபோது வாசலில் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். உள்ளே பேசியது அரையும் குறையுமாகத்தான் காதில் விழுந்தது. ஒரு வரி மட்டும் தெளிவாகக் கேட்டது.

"ஜீப்பு வந்தா ஏறிருவேன், வரலைன்னா வீட்டுல கெடப்பேன். எனக்கு ரெண்டும் ஒண்ணுதேன் தாயி."

ஒரு மாதம் கழித்து, சாரின் நான்காம் அத்தியாயத்தில் அம்மா வந்தாள். பெயர் இல்லை, அனுமந்தன்பட்டியைச் சேர்ந்த, கணவனை இழந்த ஒரு பெண் தொழிலாளி. வேலை நாட்களைத் தன் விருப்பப்படி அவர் தேர்ந்தெடுக்கிறார், திறந்த சந்தை அவருக்கு இந்தச் சுதந்திரத்தைத் தந்திருக்கிறது, வேலைக்குப் போவதும் வீட்டிலிருப்பதும் தனக்குச் சமமான விருப்பங்கள் என்று அவரே கூறினார் என்று ஆங்கிலத்தில் இருந்தது. அம்மா இவரிடமும் அதே வரியைத்தான் சொல்லியிருக்கிறாள். விரல்கள் முதல்முறையாக நின்றன.

அன்று மதியம் அக்காவின் காகிதக் கட்டை அவசரமாகப் புரட்டிப் பார்த்தேன். அங்கேயும் அம்மா இருந்தாள். உலகச் சந்தை தேவைப்படும்போது இவரை எடுத்துக்கொள்கிறது, தேவையில்லாதபோது வீட்டில் கிடத்திவைக்கிறது, வேலைக்கும் வேலையின்மைக்கும் வேறுபாடே தெரியாத அளவுக்கு இவர் மரத்துப்போயிருக்கிறார், விளிம்பின் விளிம்பு இது என்று.

மரத்துப்போனவளா? முந்தின நாள்தான், கொடியில் காய்ந்த சேலையைப் பக்கத்து வீட்டு ஆடு கடித்துவிட்டதென்று தெருவையே இரண்டாக்கியிருந்தாள்.

கடை முதலாளி பாயிடம் உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு, அடுத்த திங்கட்கிழமை அம்மாவோடு ஜீப்பில் ஏறினேன். "எதுக்குடி நீ?" என்று அம்மா கேட்டாள். சும்மா என்றேன்.

ஜீப்பில் பதினைந்து பெண்களாவது இருந்திருப்போம். ஒருத்தியின் மடியில் இன்னொருத்தி. வண்டி கம்பத்தைத் தாண்டி வளைவுகளில் ஏறத் தொடங்கியதும் பேச்சு அடங்கியது. ஒவ்வொருத்தியாகத் தூங்கிப்போனார்கள். அம்மாவின் தலை என் தோளில் சாய்ந்தது. ஒவ்வொரு வளைவுக்கும் கீழே பள்ளத்தாக்கு ஒருமுறை தெரிந்து மறைந்தது. கொஞ்ச நேரத்தில் பள்ளத்தாக்கே இல்லை, மஞ்சுதான். எந்த ஊரையும் சேராத ஒரு வெள்ளைக்குள் தூங்குகிற பெண்களைச் சுமந்துகொண்டு அந்த ஜீப் போய்க்கொண்டிருந்தது. சோதனைச் சாவடியில் நின்றபோது ஒரு போலீஸ்காரர் உள்ளே எட்டிப் பார்த்து, மலையாளத்தில் ஏதோ சொல்லிக் கையை அசைத்தார். யாரும் கண்ணைத் திறக்கவில்லை.

தோட்டத்துக்குள் பகலிலும் அந்திபோல இருந்தது. ஆகாசத்தை மறைத்த மரங்கள், அவற்றின் அடியில் ஆளுயர ஏலச்செடிகள். காய்ச்சரம் செடியின் உச்சியில் இல்லை. வேரடியிலிருந்து கிளம்பித் தரையில் படர்ந்து கிடக்கும். குத்தவைத்துத்தான் எடுக்க வேண்டும். இடுப்பில் சாக்குப்பையைக் கட்டிக்கொண்டு பெண்கள் செடிகளுக்குள் நுழைந்ததும் ஆளே தெரியவில்லை. குரல்கள் மட்டும் பச்சைக்குள்ளிருந்து வந்தன. அம்மாவின் குரல் எங்கிருந்து வருகிறதென்று தேடித் தேடி நடந்தேன். என் காலில் அட்டை ஏறியிருந்தது.

வேலையை மேற்பார்க்கிற கங்காணி வந்து, வரும் வாரம் மூன்று நாள்தான் வேலை என்றார். ஏன் என்று யாரோ கேட்டதற்கு, "வெல எறங்கிருச்சு. எல்லாம் அந்தக் குவாத்தமாலா பண்ற வேலை" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சோற்றுத் தூக்குகளைத் திறந்து உட்கார்ந்தபோது அம்மா எரிச்சலாகக் கேட்டாள். "போன மாசமும் இதத்தேன் சொன்னாரு. யாருடி அந்த மாலா? நம்ம பொழப்புல மண்ணப் போடுறதுக்கு?"

"பெரிய எஸ்டேட்டுக்காரியாம். அரபு நாட்டுக்குச் சரக்கெல்லாம் அவதேன் அனுப்புறாளாம்" என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

"புருசன் கிருசன் இல்லையா, கேக்குறதுக்கு?"

அது பொம்பளை இல்லை, கடலுக்கு அந்தப்பக்கம் ஒரு நாடு, அங்கேயும் ஏலக்காய் விளைகிறது, நம்முடையதைவிட மலிவு என்று நான் சொன்னேன். அக்காவின் இரண்டாம் அத்தியாயத்தில் அடித்தது. எல்லோரும் சாப்பிடுவதை நிறுத்தி என்னைப் பார்த்தார்கள்.

"அங்கனயும் மலையா?" என்று அம்மா கேட்டாள்.

"மலைதேன்."

"அப்ப அங்கன எடுக்குறதும் பொம்பளைகளாத்தேன் இருக்கும்." அவ்வளவுதான் சொன்னாள். ஊறுகாயை என் பக்கம் தள்ளிவிட்டுக் கைகழுவப் போனாள்.

இறங்கும்போது ஜீப்பில், அம்மா விழித்திருந்தபோது கேட்டேன். "அம்மா, அன்னைக்கு வந்தவுககிட்ட ரெண்டும் ஒண்ணுதேன்னு சொன்னியே, எதுக்குச் சொன்ன?"

"எப்பச் சொன்னேன்?"

"ஜீப்பு வந்தாலும் வரலைன்னாலும்."

அம்மா யோசித்தாள். "சொல்லியிருப்பேன். அடுப்புல பால் கெடந்துச்சு, பொங்கிருமேன்னு இருந்துச்சு. கேட்டதையே கேட்டாகளா, சீக்கிரம் எந்திரிக்கட்டும்னு எதையாச்சும் சொல்லியிருப்பேன்." பிறகு, "அந்தத் தம்பி வந்தப்பயும் ஏதோ சோலியாத்தேன் இருந்தேன். என்ன இப்ப?" என்றாள்.

ஒன்றுமில்லை என்றேன். ஆனால் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. இரண்டு கனமான ஆங்கில வாக்கியங்களுக்கும் அடியில் கால் லிட்டர் பாலும் ஏதோ ஒரு சோலியும்தான் இருந்திருக்கின்றன.

அப்புறம் நான் செய்தது சரியில்லை. இன்றும் அதைச் சரியென்று சொல்ல மாட்டேன். இரண்டு பேரும் கடைசி ப்ரூஃப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பிறகு, அம்மா வருகிற பக்கத்தின் அடியில், சின்ன எழுத்தில், தமிழில் ஒரு வரி சேர்த்தேன். 'ஜீப்பு வந்தா ஏறிருவேன், வரலைன்னா வீட்டுல கெடப்பேன். எனக்கு ரெண்டும் ஒண்ணுதேன்.' இரண்டு ஆய்வேட்டிலும் அதே வரி. யோசிக்காமல் சொன்னதாகவே இருக்கட்டும், அம்மா சொன்னது அதுதானே. அத்தனை பக்கங்களில் அவளுடைய வாயிலிருந்து வந்த சொல் ஒன்றாவது இருக்கட்டும் என்று தோன்றியது. அச்செடுத்து பைண்டிங்குக்கு அனுப்பிவிட்டேன்.

சார் பிரதிகளை வாங்கிப் பிரித்துப் பார்க்காமலே கொண்டுபோய்க் கல்லூரியில் கொடுத்துவிட்டார். அக்கா பார்த்துவிட்டார். மறுநாள் காலையில் கடைக்கு வந்து, என் மேஜைமேல் ஆய்வேட்டை விரித்துவைத்தார்.

"இது யார் எழுதுனது?"

"நான்தேன் அக்கா."

"அவரோடதுலயுமா?"

தலையை ஆட்டினேன். அவர் ஆய்வேட்டை மூடிக் கையில் எடுத்துக்கொண்டார். திட்டினால் நன்றாயிருக்கும் என்றிருந்தது. "வைவா அன்னைக்கு நீயும் வா" என்றார் கடைசியில். "நீ சேத்த வரிக்கு என்ன நடக்குதுன்னு உக்காந்து கேளு."

போனேன். வாய்மொழித் தேர்வு நடந்த துறை அறையில் கடைசி பெஞ்சில் மாணவர்களோடு மாணவியாக உட்கார்ந்தேன். மதுரையிலிருந்து வந்த தேர்வாளர் நரைத்த மீசைக்காரர். அன்று இரண்டு பேருக்கும் அவரே தேர்வாளர். இரண்டு ஆய்வேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து, அம்மாவின் வரியைச் சத்தமாக வாசித்தார். "ஒண்ணுதேன்" என்று அவர் இழுத்தபோது அறை சிரித்தது. எனக்குக் காது மடல் சுட்டது.

"ஒரே வரி. ஒருத்தர் சுதந்திரம்னு எழுதியிருக்கார், ஒருத்தர் சுரண்டல்னு. எது சரி?"

சார் எழுந்தார். முகம் வெளுத்திருந்தது. "ஐயா, இந்த வரி என் கையெழுத்துப் பிரதியில் கிடையாது."

அக்கா எழுந்தார். "என்னோடதிலயும் நான் சேக்கல ஐயா. ஆனா அவங்க சொன்னது அதுதான்."

தேர்வாளர் சாரைப் பார்த்தார். சார் என் பக்கம் ஒருமுறை திரும்பினார். "ஆமா ஐயா" என்றார், துறைப் பேச்சை மறந்து. "அதத்தேன் சொன்னாக."

தேர்வாளர் பேனாவை மூடினார். "அப்ப ரெண்டு பேருக்கும் ஒரு கேள்வி. இந்தம்மா தினமும் ஒரு மாநிலத்த விட்டு இன்னொரு மாநிலத்துக்குப் போறாங்க. நடுவுல சாவடி இருக்கு, போலீஸ் இருக்கு, அங்க ஒரு சட்டம், இங்க ஒரு சட்டம். அரசாங்கத்தை ரெண்டு பேருமே எங்க விட்டீங்க?"

சார் மறுபடி சந்தையைச் சொன்னார், அக்கா மறுபடி மையத்தைச் சொன்னார். ஜீப்புக்குள் எட்டிப் பார்த்துக் கையசைத்த அந்தப் போலீஸ்காரரை நான் நினைத்துக்கொண்டேன். இருவரும் தேறினார்கள்.

மறுநாள் சார் கடைக்கு வந்தார். "கேட்டிருக்கலாம்ல சிஸ்டர்?" என்றார்.

"கேட்டிருந்தா விட்டிருக்க மாட்டீக சார்."

அவர் சிரிக்கவில்லை. "விட்டிருக்க மாட்டேன்தேன்" என்று சொல்லிவிட்டு, பாயிடம் ஒரு வார்த்தையும் புகார் சொல்லாமல் போனார். அதன்பிறகு எங்களிடம் எந்த வேலையும் கொண்டுவரவில்லை. கொஞ்ச நாளில் அத்தாவின் வியாபாரத்தைப் பார்க்கத் தொடங்கினார். பஸ் ஸ்டாண்டில் பார்த்தால் அம்மாவை விசாரிப்பார். நான் மன்னிப்புக் கேட்க வாய்வரை கொண்டுவந்து ஒவ்வொரு முறையும் விழுங்கிவிடுவேன்.

அக்காவுக்குத் திண்டுக்கல் பக்கம் ஒரு கல்லூரியில் வேலை கிடைத்தது. போவதற்குமுன், அட்டை கிழிந்த இரண்டு பொருளாதாரப் புத்தகங்களை என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார். அம்மா இன்னும் சில வருஷம் மலைக்குப் போனாள். பிறகு மூட்டு வலி கண்டு, ஊருக்குப் பக்கத்திலேயே திராட்சைத் தோட்டத்து வேலைக்கு மாறினாள். "இங்கன குத்தவைக்க வேணாம், நிமிந்து நின்னே வெட்டலாம்" என்பதுதான் அவள் சொன்ன காரணம்.

நான் அஞ்சல் வழியில் பொருளாதாரம் படிக்கச் சேர்ந்தேன். கல்யாணமாகித் தேனிக்கு வந்த பிறகுதான் கடைசி வருஷத் தேர்வு. ஆனி மாதம். உலகமயமாக்கலை வெவ்வேறு கோட்பாடுகள் எப்படிப் பார்க்கின்றன என்று ஒரு கேள்வி வந்தது. தாளைக் கையில் வைத்துக்கொண்டு, சாரின் பக்கங்களையும் அக்காவின் பக்கங்களையும் அம்மாவின் வரியையும் நினைத்துக்கொண்டேன். திறந்திருந்த ஜன்னல் வழியாகச் சாரல் வந்து விடைத்தாளின் ஓரத்தை நனைத்தது. மேற்பார்வையாளர் ஜன்னலைச் சாத்த வந்தார். "இருக்கட்டும் மேடம்" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு அடுத்த வரிசைக்குப் போனார். மை கலையாத இடமாகப் பார்த்து எழுத ஆரம்பித்தேன்.