ஆறு பல் குறைத்த வண்டி

ஐம்பத்திரண்டாவது வயதில், மச்சினன் வண்டியை முந்துவதற்காக என் பைக்கின் பல்சக்கரத்தை மாற்றினேன். இதை எழுதும்போதே என்னை நானே அறைய வேண்டும் போலிருக்கிறது.

போன வருடம், ஏலக்காய் எடுப்புத் தொடங்கிய சமயம். போடியிலிருந்து தேனி போகிற ரோட்டில் அவன் என்னைத் தாண்டிப் போனதோடு விட்டிருக்கலாம். திரும்பிப் பார்த்துக் கையும் ஆட்டினான். வீட்டுக்கு வந்ததும் போனில் தேடிப் படித்தேன். பின்பக்கச் சக்கரத்தில் பல்லைக் குறைத்தால் வேகம் கூடும், இழுவை குறையும் என்று எழுதியிருந்தது. அந்த வாக்கியத்தின் முதல் பாதிவரைதான் என் படிப்பு எட்டியது. வீட்டில் இரண்டு அலமாரி நிறையப் புத்தகம் வைத்திருக்கிறேன் என்பதையும் வெட்கத்தோடு சொல்லிவிடுகிறேன்.

மலைக்குப் போகிற வண்டி என்றால், இழுவைக்காகப் பின்னால் பெரிய பல்சக்கரம் போடுவதுதான் போடி வழக்கம். மலைமேல் இருக்கும் எங்கள் ஏலத்தோட்டத்துக்குப் போய்வரும் என் வண்டியிலும் அதுதான் இருந்தது. விஷயத்தைச் சொன்னதும் எங்கள் மெக்கானிக் சாவியை என் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"மேல தோட்டத்த வச்சுக்கிட்டு இந்த வேலைய என்னையச் செய்யச் சொல்லாதீக அண்ணே."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. தேனிக்குப் போய், தோட்டம் எங்கே இருக்கிறது என்று கேட்காத ஒரு கடையைப் பிடித்து, நாற்பத்து நான்கு பல்லை முப்பத்தெட்டாக்கிக்கொண்டு வந்தேன்.

மூன்று நாள் சமவெளியில் பறந்தேன். நான்காம் நாள் காலை, பின்னால் மனைவி, அவள் மடியில் சாப்பாட்டுத் தூக்கு, எதிரே போடிமெட்டு ஏற்றம். பாதி மலைவரை வண்டி முனகிக்கொண்டே ஏறியது. செங்குத்தான ஒரு வளைவில், முதல் கியரிலேயே, மூச்சு நின்றது. பிறகு பின்னோக்கி உருள ஆரம்பித்தது. முன் பிரேக்கைப் பிடித்தால் சரளையில் டயர் சறுக்கியது. ஒரு பக்கம் பள்ளம். பின்னால் தோட்டத்துப் பெண்களை ஏற்றிவந்த ஜீப்பின் ஹாரன்.

ஜீப்பு டிரைவர் நொடியில் வண்டியைப் பள்ளத்துப் பக்கம் ஒடித்து, எங்களுக்கும் பள்ளத்துக்கும் நடுவில் நிறுத்தினார். எங்கள் பின்டயர் அவர் பம்பரில் முட்டி நின்றது. அவர் ஒதுங்கியிருந்தால் என் மனைவி இன்று இல்லை. அந்த மனிதரைப் பார்த்து நான் சொன்ன முதல் வார்த்தை என்ன தெரியுமா? கண் தெரியவில்லையா, எதற்கு இப்படி ஹாரன் அடிக்கிறாய் என்று கத்தினேன்.

அவர் இறங்கி, என் டயருக்குக் கல் வைத்தார். ஜீப்பிலிருந்து ஒரு பெண்தான் பேசினாள்.

"ஏய்யா, பொண்டாட்டியக் கொல்லணும்னா வீட்ல வச்சுக் கொல்லு. எங்களுக்கு மேல சோலி கெடக்கு."

மனைவி இறங்கினாள். தூக்கோடு போய் அந்த ஜீப்பில் ஏறிக்கொண்டாள். பெண்கள் நெருங்கி உட்கார்ந்து இடம் கொடுத்தார்கள். அவள் திரும்பிப் பார்க்கவேயில்லை.

நான் வண்டியைத் திருப்பிக்கொண்டு தனியாக இறங்கினேன். வழியெல்லாம் கோபம்: கை ஆட்டிய மச்சினன்மேல், கேள்வி கேட்காத கடைக்காரன்மேல், சரளையைக் கொட்டிவிட்டுப் போன ரோடு காண்ட்ராக்டர்மேல். அடிவாரம் வருவதற்குள் கோபப்பட ஆள் தீர்ந்துபோய், மீதி முழுவதும் என்மேல் வந்து உட்கார்ந்தது. அது இன்றுவரை இறங்கவில்லை. மடத்தனத்தைக்கூட மன்னித்துவிடலாம், காப்பாற்றியவரைத் திட்டிய வாயை என்ன செய்வது?

பழைய சக்கரத்தை மாட்டிய பிறகு, மன்னிப்புக் கேட்க ஜீப்பு ஸ்டாண்டுக்குப் போனேன். நான்கைந்து வாக்கியம் தயாரித்துவைத்து, ஒன்று விடாமல் ஒப்பித்தேன். டிரைவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, என் வண்டியையும் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தார்.

"எந்த வண்டிண்ணே? அந்த வளைவுல வாரத்துக்கு ரெண்டு பேராச்சும் உருண்டு வர்றாக. எல்லாருந்தேன் திட்டுறாக."