பெங்களூர் முனுசாமி பெங்களூர் போனது

பெரிய காஞ்சிபுரத்தில் எங்கள் தெருவுக்கு இரண்டு பெருமைகள். ஒன்று, எந்த வீட்டு வாசலில் நின்றாலும் கோபுரம் தெரியும். இன்னொன்று பெங்களூர் முனுசாமி. கோபுரத்தைப் பார்க்கப் பல ஊர்க்காரர்கள் வருவார்கள். முனுசாமியைப் பார்க்க, பெங்களூர் புறப்படுகிறவர்கள் மட்டும் வருவார்கள்.

பட்டு நெய்கிற முனுசாமிக்கு இந்தப் பட்டம் பத்தொன்பதாவது வயதில் கிடைத்தது. அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு பெங்களூருக்குப் பஸ் ஏறியவர் எட்டாம் நாள் திரும்பி வந்தார். அந்த எட்டு நாளில் பார்த்ததைச் சொல்லி முடிக்க அவருக்கு இருபத்திரண்டு வருஷம் போதவில்லை. சித்திரை வெயிலிலும் அங்கே கம்பளி போர்த்தித்தான் படுக்க வேண்டும். வீதிக்கு வீதி பூந்தோட்டம். ராஜா வீட்டுக் குதிரை அவரைப் பார்த்துத் தலையை ஆட்டியதுகூட உண்டு.

உண்மை வரலாறு இரண்டே வரிதான். ஆற்காட்டில் பஸ் நின்றபோது அவருக்குக் காய்ச்சல் கொதித்தது. இறங்கி, அங்கிருந்த அத்தை வீட்டில் எட்டு நாள் கஞ்சி குடித்தார்.

அத்தையின் வீட்டுக்காரர் பெங்களூருக்கு லாரி ஓட்டுகிறவர், சாப்பிடும்போது பெங்களூர்க் கதை பேசுகிறவர். முனுசாமி படுத்தபடியே கேட்டார். திரும்பியதும் ஒரே ஒரு பொய் சொன்னார். தெரு சிரித்திருந்தால் அன்றே விட்டிருப்பார். தெரு நம்பித் தொலைத்தது.

இதில் யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை, எதிர்வீட்டுத் தர்மனைத் தவிர. இரண்டு வருஷத்துக்கு முன் தர்மன், பார்வை மங்கிய தன் அப்பாவைப் பெங்களூர் கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனான். முனுசாமிதான் வழி சொன்னார். ரயிலடியை விட்டு வெளியே வந்து வலது கைப்பக்கம் போ, ஒரு மணிக்கூண்டு வரும், அதற்குப் பின்னாலேயே ஆஸ்பத்திரி என்றார். மணிக்கூண்டை அந்த நிமிஷத்தில்தான் கட்டினார். தர்மன் கிழவரைக் கையில் பிடித்துக்கொண்டு பகல் முழுக்க வெயிலில் அலைந்து, மறுநாள்தான் ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தான். ஊர் திரும்பியதும் நேரே முனுசாமியிடம் வந்தான். உதை விழப்போகிறது என்று முனுசாமி தயாராக நின்றார்.

"தப்பு என்னுதுதான்ணா. நீ சொன்னத நான் சரியா காதுல வாங்கிக்கல," என்றான் தர்மன்.

அன்று முதல் அவன் வருகிற பக்கம் முனுசாமி போவதில்லை. உதை வாங்கியிருந்தால் நாலு நாளில் வலி போயிருக்கும்.

எழுபத்திரண்டாம் வருஷம் தை மாசம். தறியில் மூன்று சேலை நெய்து அறுத்தாகிவிட்டது. தறியில் ஏற்றும் அடுத்த நெடுக்கிழைக்கு, அதாவது பாவுக்கு, பட்டு சாயம் தோய்ந்து வர நாலு நாள். கலியாணமாகிப் பதினேழு வருஷத்தில் திருத்தணியைத் தாண்டாத மனைவி கிருஷ்ணவேணி, இந்த நாலு நாளில் எங்காவது கூட்டிப்போங்கள் என்றாள். மதுரையா, பெங்களூரா என்று கேள்வி வந்தது. முனுசாமிக்குத் திடீரென்று மீனாட்சியம்மன் மேல் பக்தி பெருகியது.

வீட்டில் முடியாத விவகாரம் மறுநாள் காலை தெருவுக்கு வந்தது. அன்று சிட்டிபாபு வீட்டுப் பாவுக்குக் கஞ்சி போட்டார்கள். பட்டிழைகளைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி தெளித்து, இருபுறமும் ஆட்கள் நின்று இழை நீவுவார்கள். முனையைப் பிடித்தவன் கஞ்சி காயும்வரை கையை விடக்கூடாது. முனை, தெய்வச் செயலாக, முனுசாமி கையில் இருந்தது.

மதுரைக் கோபுரத்தின் அருமையை அவர் விளக்கினார். சிட்டிபாபு குறுக்கே விழுந்தான்.

"கோபுரம் பாக்கவா மதுரைக்கு? திரும்பிப் பாருணா, இங்க இன்னா பனமரமா நிக்குது?"

பெங்களூர்க் குளிர் மனைவிக்கு ஆகாது என்றார். நாலு வீட்டிலிருந்து கம்பளி தருவதாகச் சொன்னார்கள். கிருஷ்ணவேணி தலையைத் தூக்காமல் இழை நீவிக்கொண்டிருந்தாள். கடைசியில் தர்மன்தான் தீர்ப்பு சொன்னான்.

"அண்ணன் கூட இருக்கச்சே இன்னா பயம் அண்ணி? கண்ண மூடிக்கினு போயிட்டு வரலாம்."

பாவு முழுக்க ஒரு நடுக்கம் ஓடியது. காற்று என்று நினைத்தார்கள்.

பஸ் ஆற்காட்டில் நின்றபோது முனுசாமி ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை. கிருஷ்ணவேணி சாவகாசமாகக் கேட்டாள்.

"இறங்கி அத்தை வூட்டப் பாத்துட்டு வரலாமா? இல்ல, இந்தத் தடவையாவது நேரா போவலாமா?"

கலியாணமான அதே மாசம் அத்தை அவளிடம் அந்த எட்டு நாள் கஞ்சிக் கதையைச் சொல்லிவிட்டிருந்தாள். பதினேழு வருஷமாகத் தெரிந்தேவா இருந்தாய் என்று கேட்டார் முனுசாமி. அவள் சொன்னாள்.

"கேக்கறவங்களுக்கெல்லாம் ஆமா ஆமான்னு நானும் தலையாட்டிக்கினு இருந்தேன். தர்மன் வந்து தப்பு என்னுதுன்னான் பாருங்க, அன்னிலேர்ந்து எனக்குச் சோறு எறங்கல. ஒரு தடவ போயாவது வந்துடலாம்."

பெங்களூரில் பூந்தோட்டம் இருந்ததா, குதிரை தலையாட்டியதா என்பதற்கு இந்தச் சரித்திரத்தில் ஆதாரமில்லை. பஸ்ஸை விட்டு இறங்கியதும் அவள் அவரை ரயிலடி வாசலுக்கு அழைத்துப் போய் நிறுத்தி, தர்மனுக்குச் சொன்ன வழியில் நடக்கச் சொன்னாள். வலது கைப்பக்கம் உச்சிவேளைவரை நடந்தார்கள். ஒருவரிடம் விசாரித்தார் முனுசாமி. கண் ஆஸ்பத்திரிக்கு இந்தப் பக்கம் ஏன் வந்தீர்கள் என்றார் அவர்.

ஊர் திரும்பிய மூன்றாம் நாள் முனுசாமியின் பாவுக்குக் கஞ்சி போட்டார்கள். பெங்களூர் எப்படி மாறியிருக்கிறது என்று தெரு கேட்டது. முனையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவர் சொன்னார்.

"மாறிச்சா இல்லியான்னு எனக்கு இன்னாப்பா தெரியும். இப்பத்தான் மொத தடவ பாக்கறேன். அப்ப ஆற்காட்டோட நின்னுட்டேன். தர்மா, நான் சொன்ன வழி பொய்."

தெரு விழுந்து விழுந்து சிரித்தது. பெரிய மனுஷனுக்கு என்ன அடக்கம் என்றான் சிட்டிபாபு. பாவுக்கு எதிர்ப்பக்கம் நின்ற தர்மன் சிரிக்கவில்லை. கையிலிருந்த இழையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எங்கப்பா அன்னிக்கு வழிபூரா, மணிக்கூண்டு வந்துச்சா, மணிக்கூண்டு வந்துச்சான்னு கேட்டுக்கினே வந்தாரு," என்றான். பிறகு, "இழுத்துப் பிடிணா. பாவு தொங்குது," என்றான்.

முனுசாமி இழுத்துப் பிடித்தார். கஞ்சி காய இன்னும் அரைமணி நேரம் இருந்தது.