பச்சைக் கோடு போட்ட பை

றஜீனாவின் மீன்குழம்பையும் றஜீனாவின் கடையையும் யாரும் குறை சொல்லக் கூடாது. மீன்குழம்பைப் பற்றி இதுவரை ஒருவரும் வாய் திறந்ததில்லை. கடையைப் பற்றி அவளுடைய முகத்துக்கு நேரே குறை சொன்ன ஒரேயொரு மனிதர் அவளைக் கட்டிய கொட்வின்தான். அவருக்கும் அன்றைக்குச் சாப்பாடு கொஞ்சம் பிந்தித்தான் கிடைத்தது.

கடை ஸ்ட்ரெதம் பெருந்தெருவில், ரயில் நிலையத்துக்குக் கிட்ட இருக்கிறது. மன்னாரிலிருந்து இந்த வெள்ளைக்கார நாட்டுக்கு வந்த புதிதில் கந்தோர்கள் கூட்டித் துடைத்தவள், பிறகு ஒரு குஜராத்திக்காரரின் கடையில் கல்லாவில் நின்றாள். அவர் வயதாகி மகனோடு இருக்கப் போனபோது, அந்தக் கடையையே லீசுக்கு எடுத்துவிட்டாள். ஷட்டரைத் தூக்குவதும் அவள், இறக்குவதும் அவள். கொட்வின் பஸ் ஓட்டுகிறார். ஷிப்ட் இல்லாத நேரம் கருவாட்டுப் பெட்டிக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு உட்கார்ந்து உலக அரசியல் கதைப்பார். கடைக்கு அவர் செய்யும் பெரிய உதவி அவ்வளவுதான்.

போன வருடம் எதிர்ப்பக்கத்தில் அந்த மலிவுக் கடை திறந்தது. பச்சைக் கோடு போட்ட பையில் சாமான் போட்டுக் கொடுப்பதால் எங்கள் சனம் அதைப் பச்சைப் பைக் கடை என்றுதான் சொல்லும். பாலுக்கும் முட்டைக்கும் அங்கே போட்ட விலையைக் கண்டு, சந்தியிலிருந்த பெரிய சூப்பர்மார்க்கெட்டே பயந்துபோனது. 'அங்கே என்ன விலையோ இங்கேயும் அதே விலை' என்று தட்டுக்குத் தட்டு துண்டு ஒட்டத் தொடங்கினார்கள். பெரியவர்கள் இரண்டு பேரும் பென்ஸ் சில்லறைக் கணக்கில் சண்டை பிடிக்க, அடி வந்து விழுந்தது றஜீனாவின் தலையில்.

அவள் சும்மா இருப்பாளா? தானும் பால் விலையைக் குறைத்தாள். மஞ்சள் மட்டையில் தன் கையாலேயே விலையைக் கொட்டை எழுத்தில் எழுதி, வாசல் கண்ணாடியில் ஒட்டினாள். பச்சைப் பைக் கடை விற்கிற விலைக்கு அவளுக்கு மொத்த வியாபாரக் கடையிலேயே பால் கிடைக்காது. ஒவ்வொரு போத்தலும் கைநட்டம். போனால் போகட்டும், பாலுக்கு வருகிற சனம் முருங்கைக்காயும் மீனும் வாங்கும்தானே என்று நினைத்தாள்.

சனம் வரவில்லை. பாலுக்கும் வரவில்லை, மீனுக்கும் வரவில்லை. அதுதான் அவளுக்கு விளங்கவேயில்லை. பச்சைப் பைக் கடையில் முருங்கைக்காய் ஏது? பாரைமீன் ஏது? அப்படியென்றால் இந்தச் சனம் என்னத்தைக் கறிவைத்துச் சாப்பிடுகிறது?

கோயிலிலும் அதே கதைதான். ஞாயிற்றுக்கிழமை பின்னேரத் தமிழ்ப் பூசை முடிந்தால் முன்பெல்லாம் ஆறேழு பேராவது அவளைச் சுற்றி நிற்பார்கள். இப்போது அவர்களில் ஒருத்தியான பிறின்சி அவளைக் கண்டதும் ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு பக்கக் கதவால் போகிறாள். அடிக்காத ஃபோனில் என்ன கதையோ. தவக்கால வெள்ளிக்கிழமைகளில் நல்ல மீனாகப் பார்த்துப் பிறின்சிக்கென்று ஒளித்து வைத்துக் கொடுத்தவள் றஜீனா. அவளுக்கு நெஞ்சு எரிந்தது.

லீஸ் முடிகிற நேரமும் வந்துவிட்டது. திரும்ப எடுப்பதா விடுவதா என்று இந்த மாதத்துக்குள் கட்டடக்காரருக்குச் சொல்ல வேண்டும்.

"விட்டிடுவம் றஜீனா," என்றார் கொட்வின். "உனக்கும் முழங்கால் நோகுது. சனமும் மாறிப்போச்சு."

"சனத்தைச் சொல்லாதேங்கோ. திங்கக்கிழமை முடிவு சொல்லுறன்," என்றாள். சனம் மாறிவிட்டது என்பதுதான் கடை போவதை விட அவளுக்குப் பெரிய கவலை. கடை போனால் இன்னொரு இடத்தில் கல்லாவில் நிற்கலாம். இவ்வளவு காலம் பழகிய சனம் முகத்தைத் திருப்பினால் என்ன செய்வது?

வியாழக்கிழமை மழை தூறிக்கொண்டிருந்தது. வெறும் பெட்டிகளை எறிவதற்காகக் கடைக்குப் பின்னால் இருக்கும் ஒழுங்கைக்குப் போனாள். அங்கே குப்பைத் தொட்டிகளுக்கு நடுவில் செபமாலைமுத்து வந்துகொண்டிருந்தார். தபால் கந்தோரில் வேலை செய்து பென்ஷன் எடுத்தவர். கடை திறந்த முதல் நாள் முதல் ஆளாக வந்து கத்தரிக்காய் வாங்கியவர், இப்போது மாதக்கணக்காகக் கண்ணில் படாதவர். றஜீனாவைக் கண்டதும் கையிலிருந்ததை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார். ஒளிக்கிற சாமானா அது? பச்சைக் கோடு போட்ட பை, அதற்கு மேலே தலையணை மாதிரி ஒரு கட்டு ரொய்லெட் பேப்பர்.

"என்ன அண்ணை, உந்தக் குப்பைக்குள்ள என்ன தேடுறியள்?"

"சும்மா நடக்கிறன் பிள்ளை. டொக்டர் நடக்கச் சொன்னவர்."

"ரொய்லெட் பேப்பரைத் தூக்கிக்கொண்டு நடக்கச் சொன்னவரோ?"

செபமாலைமுத்து நிலத்தைப் பார்த்தார். "உன்னட்ட ஏன் ஒளிப்பான். பாலும் உதுவும் அங்க மலிவு. பென்ஷன்காரன் நான் பார்த்துத்தானே வாங்க வேணும். ஆனா உந்தப் பையோட உன்ர வாசலைத் தாண்டிப் போக எனக்கு முகமில்லை. அதுதான் ஒழுங்கையால போறன்."

"அப்ப கத்தரிக்காய்? மீன்?"

"ரூட்டிங்குக்குப் பஸ்ஸில போய் வாங்கிறனான்."

"ரூட்டிங்குக்கோ? என்ர கடை முன்னால இருக்கேக்கையோ?"

"கையில அந்தப் பையை வைச்சுக்கொண்டு உன்ர கடைக்குள்ள எப்பிடிப் பிள்ளை வாறது? பிறின்சியும் அப்பிடித்தான். கன பேர் அப்பிடித்தான். அதோட நீ வேற, பால் விலையைக் குறைச்சு வாசல்ல எழுதிப் போட்டிட்டாய். எங்களுக்காக நட்டத்தில விக்கிறாய் எண்டு தெரியாதே? அதுக்குப் பிறகு இன்னும் வெக்கமாப் போச்சு."

றஜீனா கையிலிருந்த வெறும் பெட்டிகளைக் கீழே வைத்தாள். ஒரு முகத்தாட்சண்யத்துக்காக மழையில் பஸ் ஏறி அடுத்த ஊரில் கத்தரிக்காய் வாங்குகிற சனத்தை வேறெங்கே காண்பது? இவர்களைப் பிடிக்கவென்று அவள் ஒட்டிய மட்டையே இவர்களைத் துரத்தியிருக்கிறது. முதலில் அவளுக்குக் கோபம் வந்தது. பிறகு சிரிப்பு வந்தது. சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கடைசியில் அழுதாளா சிரித்தாளா என்று செபமாலைமுத்துவுக்கே தெரியவில்லை.

"ஒருத்தரும் என்னோட கோவமில்லையோ அண்ணை?"

"உன்னோட ஆருக்குக் கோவம்? நீ எங்களோட கோவிக்கப் போறாய் எண்டுதான் எங்களுக்குப் பயம்."

ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு முன்னால் றஜீனா தெருவைக் கடந்து பச்சைப் பைக் கடைக்குள் நேராகப் போனாள். பால், முட்டை, ஒரு பெரிய கட்டு ரொய்லெட் பேப்பர் எல்லாம் வாங்கினாள். இரண்டு கையிலும் பச்சைக் கோடு போட்ட பைகளோடு கோயிலுக்குள் நடந்து, முன்வரிசை வாங்கில் போய் இருந்தாள்.

"உனக்கென்ன விசரோ?" என்று கொட்வின் காதுக்குள் கேட்டார்.

"பேசாமல் செபத்தைச் சொல்லுங்கோ."

பூசை முடிந்ததும் பெரிய கதவடியில் பைகளோடு நின்றாள். பிறின்சிக்கு ஃபோனை எடுக்க நேரம் கிடைக்கவில்லை.

"பால் அங்க நல்ல மலிவு பிறின்சி. இனி நானும் அங்கதான் வாங்கப் போறன். முருங்கைக்காய்க்கு மட்டும் என்னட்ட வா. நேற்றுத்தான் வந்தது."

பிறின்சியின் முகம் சிவந்தது. பிறகு தன் காரின் பின்கதவைத் திறந்து காட்டினாள். உள்ளே அதே பை. அதைப் பார்த்துச் சுற்றி நின்ற சனம் எல்லாம் சிரித்தது. றஜீனாவுக்கு மாதக்கணக்காக இருந்த நெஞ்சுப் பாரம் அந்தச் சிரிப்போடு இறங்கிப் போயிற்று.

அன்றைக்கே மஞ்சள் மட்டையைக் கிழித்தாள். பால் வைத்த தட்டில் கீரையும் பச்சைமிளகாயும் ஏறின. வாசல் பக்கத்துச் சுவரில் கொட்வினைக் கொண்டு வரிசையாகக் கொழுக்கிகள் அடிப்பித்தாள். வருகிறவர்கள் பச்சைப் பையை அதில் கொழுவிவிட்டு, வெறுங்கையோடு வந்து ஆறுதலாகக் கத்தரிக்காய் தெரிந்தெடுக்கலாம்.

திங்கட்கிழமை பின்னேரம் கொட்வின் கருவாட்டுப் பெட்டிக்குப் பக்கத்தில் வழக்கம்போல உட்கார்ந்திருந்தார். அரசியல் கதைக்க நேரமில்லை. சனம் வந்துகொண்டேயிருந்தது. செபமாலைமுத்து முன்வாசலால் நிமிர்ந்து வந்தார். பையைக் கொழுக்கியில் கொழுவினார். கத்தரிக்காயை ஒவ்வொன்றாக அமத்திப் பார்த்து எடுத்தார். பிறகு திரும்பிப் போய்ப் பைக்குள்ளிருந்து ஒரு பால் போத்தலை எடுத்துவந்து கல்லா மேசையில் வைத்தார்.

"இது உனக்குப் பிள்ளை. கடையை விட்டிட்டுப் போய் வாங்க உனக்கு எங்க நேரம்? அங்க மலிவு."

றஜீனா போத்தலைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். கறிவேப்பிலையில் ஒரு கொத்து முறித்து அவருடைய கத்தரிக்காயோடு போட்டாள்.

"நாளைக்கும் ஒண்டு கொண்டு வாங்கோ அண்ணை," என்றவள் புருசன் பக்கம் திரும்பினாள். "இஞ்சாருங்கோ, கட்டடக்காரருக்கு ஃபோனைப் போடுங்கோ. கடை விடேல்லை எண்டு சொல்லுங்கோ."

கொட்வினுக்குக் கை ஒழியவில்லை. கொழுக்கிகள் எல்லாம் நிறைந்துபோய், பிறின்சியின் பச்சைப் பையை அவர்தான் பிடித்துக்கொண்டு நின்றார்.