பரங்கிப்பூ பறிக்காத காலை

மார்கழியில் உப்பளத்தில் வேலை கிடையாது. மழைத் தண்ணீர் பாத்திகளில் நிறைந்து, வரப்புகள் மட்டும் கோடு கோடாகத் தெரியும். விடியற்காலையில் அந்தத் தண்ணீருக்குள் வானம் இறங்கிப் படுத்திருக்கும். எங்கள் வீட்டுப் பின்பக்கம் நின்று பார்த்தால் எது வானம், எது பாத்தி என்று தெரியாது. பனி வேறு இரண்டையும் சேர்த்துப் போர்த்தியிருக்கும். அந்த நேரத்தில்தான் பரங்கிப்பூ விரியும்.

2005ஆம் வருஷத்து மார்கழியைப் பற்றிச் சொல்கிறேன். அதற்கு முந்தைய மார்கழியில் கடல் ஊருக்குள் ஏறி வந்திருந்தது. எங்கள் தெரு மேட்டில் இருப்பதால் வீடு நின்றது. தோட்டத்தில் மட்டும் முழங்கால் அளவு தண்ணீர் ஏறி, இறங்கிப் போனது. காய்ந்த பிறகு மண்ணின் மேல் வெள்ளையாகப் பூத்தது. உப்பு வாரிப் பிழைக்கிறவர்கள் நாங்கள். உப்பைப் பார்த்துப் பயந்தது அப்போதுதான். கோடையில் அவரை போட்டேன். இலைகளின் ஓரம் தீய்ந்து சுருண்டு, கொடியே போய்விட்டது. கத்தரி நாற்று தலை தூக்கவே இல்லை.

"மண்ணு செத்துப்போச்சு. தை பொறந்ததும் கிளியனூருக்குக் கிளம்பிடலாம். அண்ணன் கூப்டுக்கினே இருக்கறாரு," என்றார் என் வீட்டுக்காரர்.

அவருடைய அண்ணன் குடும்பத்தார் நல்லவர்கள். ஆனால் அந்த வீட்டில் எந்நேரமும் ஆள் நடமாட்டம். அடுப்பு என் ஓரகத்தியுடையது. அங்கே போனால் ஒரு டம்ளர் தண்ணீர் மொள்ளக்கூட யார் முகத்தையாவது பார்த்துவிட்டுத்தான் மொள்ளுவேன். நாலு பேர் கூடினால் என் குரல் தொண்டையை விட்டு வராது. சின்ன வயதிலிருந்தே அப்படி. இங்கே, தோட்டத்தில் மட்டும்தான் சத்தமாகப் பேசுவேன், அதுவும் செடிகளோடு. அதை விட்டுவிட்டு வரமாட்டேன் என்று அவரிடம் சொல்ல வாய் வரவில்லை.

"ஒரு மழை பேயட்டும், பாக்கலாங்க," என்றேன்.

"பாரு. பொங்கலுக்குள்ள ஒரே ஒரு காய் புடிக்கட்டும், நான் கிளியனூர் பேச்சே எடுக்கல."

அந்த வருஷம் மழை விடாமல் கொட்டியது. மண்ணின் மேலிருந்த வெள்ளை கரைந்து ஓடியது. ஐப்பசியில் கொஞ்சம் வெயில் கண்ட நாளில் சில பரங்கி விதைகளை ஊன்றினேன். ஒன்றுதான் வந்தது. விதையின் ஓட்டைத் தொப்பி மாதிரி மாட்டிக்கொண்டு வந்தது. தொப்பி கழன்றதும் தடித்த இரண்டு இலைகள் உள்ளங்கை போல விரிந்தன. அவை விதைக்குள்ளேயே இருந்தவை; செடி தானாகச் சாப்பிடக் கற்றுக்கொள்ளும் வரைக்கும் அதற்குக் கட்டிக்கொடுத்த சோறு. அதன் பிறகுதான் நிஜ இலை, சொரசொரப்பாக, நடுவிலிருந்து வந்தது. அப்புறம் கொடி ஓடியது. கணுவுக்குக் கணு சுருள் விட்டு, வேலியில் கிடந்த கம்பியைச் சுற்றிப் பிடித்துக்கொண்டது. காற்றில் ஆடும்போது அந்தச் சுருள் நீண்டு, மறுபடி சுருங்கும். பகல் பூராவும் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

மார்கழி பிறப்பதற்கு முன்பே பூ வந்துவிட்டது. முதலில் எல்லாம் நீண்ட காம்புப் பூக்கள். பிறகு இடையிடையே குட்டைக் காம்போடு, பூவுக்கு அடியில் கோலிக்குண்டு மாதிரி பிஞ்சு வைத்த பூக்கள்.

எங்கள் தெருவில் மார்கழிக் கோலத்தின் நடுவே சாணி உருண்டை பிடித்து, அதில் பரங்கிப்பூ குத்தி வைப்பார்கள். அந்த வருஷம் தெருவில் வேறு கொடியே இல்லை. இருட்டு கலையும் முன்பே பக்கத்து வீட்டுப் பெண் கிண்ணத்தோடு வந்து நிற்பாள். ஆரோவில்லுக்கு வேலைக்குப் போகிறவள். வாய் ஓயாது. தெருவுக்கே அவள்தான் பூ பறித்துக் கொடுப்பாள்.

"அக்கா, பிஞ்சு இருக்கறதத் தொட மாட்டேன். வெறும் பூவு மட்டுந்தான்," என்பாள். பிஞ்சு உள்ள பூவைப் பறிக்கக்கூடாது என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். நான் தலையாட்டுவேன். நீண்ட காம்புப் பூக்கள், ஒன்று விடாமல், அரும்பு அவிழும்போதே கிண்ணத்துக்குப் போய்விடும். கொஞ்ச நேரத்தில் தெரு நெடுக மஞ்சளாக விரிந்திருக்கும். என் கொடி தெருவெல்லாம் நடந்து போன மாதிரி இருக்கும். எனக்கு அது பெருமையாகக்கூட இருந்தது.

ஆனால் பிஞ்சுகள் நிற்கவில்லை. பூ வாடியதும் மஞ்சளாகி, மெத்தென்றாகி, தொட்டால் உதிர்ந்தன. என் வீட்டுக்காரர் ஒன்றை எடுத்து விரலால் நசுக்கிப் பார்த்தார்.

"உப்பு. வேர் வரைக்கும் எறங்கியிருக்குது," என்றார்.

நானும் அப்படித்தான் நினைத்தேன். பொங்கல் நெருங்கிக்கொண்டிருந்தது.

கடல் வந்து ஒரு வருஷம் ஆன நாள் வந்தது. தெருக்கோடி வீட்டில் இரண்டு பேரைக் கடல் கொண்டு போயிருந்தது. அன்றைக்கு யாரும் கோலம் போடவில்லை. வாசலில் தண்ணீர் மட்டும் தெளித்தார்கள். பூ கேட்டும் யாரும் வரவில்லை.

சூரியன் ஏறிய பிறகும் பூக்கள் கொடியிலேயே இருந்ததை அன்றுதான் பார்த்தேன். தோட்டம் முழுவதும் விளக்கு ஏற்றி வைத்த மாதிரி இருந்தது. எங்கிருந்தோ தேனீக்கள் வந்தன. ஒரு நீண்ட காம்புப் பூவுக்குள் ஒன்று இறங்கி, உருண்டு புரண்டு, உடம்பெல்லாம் மஞ்சள் பொடியோடு வெளியே வந்து, அப்படியே பக்கத்திலிருந்த பிஞ்சுப் பூவுக்குள் போனது. பூக்கள் மூடிக்கொள்ளும் வரை அங்கேயே நின்றிருந்தேன். நேரம் போனதே தெரியவில்லை. மறுநாள் வழக்கம்போலக் கிண்ணம் வந்தது, பூக்கள் போயின.

சில நாள் கழித்துப் பார்த்தால், முன்னால் வந்த பிஞ்சுகளும் இல்லை, பின்னால் வந்தவையும் இல்லை. கோலம் போடாத அந்தக் காலையில் விரிந்த பூவின் பிஞ்சு மட்டும் எலுமிச்சை அளவுக்குப் பருத்து, பளபளவென்று தலை கவிழ்ந்திருந்தது.

பள்ளிக்கூடத்தில் டீச்சர் செம்பருத்தியை பிளேடால் கீறிக் காட்டியிருக்கிறார்கள். மகரந்தப் பொடியும் சூல்பையும் அதில் ஒரே பூவுக்குள் இருக்கும். பரங்கியில் அவை தனித்தனி வீட்டில் குடியிருக்கின்றன. பொடி உள்ள பூவையெல்லாம் விடியும் முன்பே நாங்கள் பறித்துவிட்டிருந்தோம். பிஞ்சுகளை உப்பு ஒன்றும் செய்யவில்லை.

இனி அந்தப் பெண்ணிடம் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். ராத்திரி மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். காலையில் அவள் வந்து ஒரு நீண்ட காம்புப் பூவைப் பறிக்கக் கையை நீட்டினாள்.

"இன்னிக்கு எல்லாத்தையும் பறிக்காதம்மா," என்றேன். கொடிக்கும் அவளுக்கும் நடுவில் போய் நின்றுகொண்டேன்.

"இன்னாக்கா ஆச்சி? கோவமா?"

"அதெல்லாம் இல்ல. அது ஆண்பூவு. அது இல்லாம பிஞ்சு நிக்கல." பொடியைத் தொட்டு அவள் விரலில் தடவிக் காட்டினேன். தேனீ விஷயத்தையும் சொன்னேன்.

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அய்யய்யோ! மாப்பிள்ளைங்கள எல்லாம் புடிச்சிக்கினு போயி சாணியில நட்டுட்டனா? பொண்ணுங்க பாவம், காத்துக்கினே கெடந்திருக்குதுங்க!"

நானும் சிரித்துவிட்டேன். அன்று ஒரே ஒரு பூதான் எடுத்துப் போனாள். அதையும் அவள் வீட்டு வாசலுக்கு வைக்காமல் தெருக்கோடி வீட்டுக்கு வைத்தாள். அதற்குப் பிறகு கொடியில் காலை முழுக்க மஞ்சள் வெளிச்சம் இருந்தது. ஒவ்வொன்றாகப் பிஞ்சுகள் நின்றன.

போகிக்கு முந்தின நாள் என் வீட்டுக்காரர் தோட்டத்துக்கு வந்தார். முதல் காய் தேங்காயை விடப் பெரிதாகி, மேலே சாம்பல் பூத்துக் கிடந்தது. குனிந்து அதன் அடியில் கையைக் கொடுத்துக் கனம் பார்த்தார்.

"பொங்கலுக்கு அறுக்கலாமா?"

"வாணாங்க. பழுக்கட்டும். வெதைக்கு வுடணும்."

"பழுக்கறதுக்கு மாசி ஆயிடுமே."

"ஆவும்," என்றேன்.

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் பார்வையைத் தாழ்த்தவில்லை. கிளியனூர் என்று ஒரு வார்த்தை அவர் வாயில் வரவில்லை. வைக்கோல் கொஞ்சம் கொண்டுவந்து காயின் அடியில் பரப்பினார்.

"அப்ப பொங்கக் கொழம்புக்கு?" என்றார்.

"கடையில ஒரு கீத்து வாங்கிக்கினு வாங்க," என்றேன்.

வீட்டில் காய் இருக்கும்போது காய் வாங்கப் போகிற ஆள் நான் ஒருத்தன்தான் என்று முணுமுணுத்துக்கொண்டே பையை எடுத்துக்கொண்டு போனார்.