தேவை பார்க்க வந்தவர்

2024 மே 15, புதன். ஐந்தேகாலுக்கு எழுந்து, குழாயில் தண்ணீர் நிற்பதற்குள் இரண்டு குடங்களையும் நிரப்பிவிட்டுக் குளித்தேன். வழக்கம்போல் எட்டரைக்கு, இந்த மலையாள ஊரில் சாலை எனப்படும் கடைத்தெருவில் நான் கணக்கு எழுதும் ஜவுளிக்கடையில் இருந்தேன். மதியத்துக்கு மேல் லீவு சொல்லியிருந்தேன்.

மகளுக்கு வெளிநாட்டுக் கல்லூரி ஒன்றில் பட்டப்படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. கட்டணத்தைக் கல்லூரியே தள்ளுபடி செய்துவிட்டது. தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும் ஓர் அறக்கட்டளை உதவித்தொகை கொடுத்தால்தான் போக முடியும். வசதியில்லாத குடும்பம்தானா என்று நேரில் பார்த்து எழுத அவர்களுடைய ஆள் அன்று மாலை வருவதாக இருந்தது.

வீடு திரும்பியபோது கூடத்தில் எதிர்வீட்டு மாமியின் சோபா கிடந்தது. அடுக்களையில் கேசரி வாசனை. மகள் கழுத்தில் என் மைத்துனியின் இரட்டைவடச் சங்கிலி.

"என்னடி இது? காசில்லேன்னு பாக்கத்தானே அவா வரா?" என்றேன் மனைவியிடம்.

"அதுக்குன்னு வரவாளைக் கிழிஞ்ச பாய்லயா உக்காத்தி வெக்கச் சொல்றேள்? தெருவே வாசல்ல நிக்கறது. நாளைக்கு இவளுக்கு வரன் பாக்க வேண்டாமா?"

"அதான் இன்னிக்கே பாக்க வராளே," என்றாள் மகள். "ஏம்மா, நான் பாடணுமா, நமஸ்காரம் மட்டும் போறுமா?"

எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. சங்கிலியையாவது கழற்று என்று சொல்லி முடிப்பதற்குள் ஆட்டோ வந்து நின்றது.

வந்தவர் முப்பது வயதிருக்கும் மலையாளிப் பெண், தமிழும் பேசினார். சோபாவில் உட்கார்ந்து, மகளிடம் நாலைந்து கேள்விகள் கேட்டு, சுற்றிலும் பார்த்து எழுதிக்கொண்டார். எதிர்வீட்டு மாமி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றதால் மனைவி உண்மையைச் சொல்லவில்லை. கேசரித் தட்டை மட்டும் இரண்டாம் முறையும் நீட்டினாள்.

அவர் கிளம்பியதும் நான் தெருவரை கூடவே போனேன்.

"மேடம், அந்த சோபா இரவல். சங்கிலியும்தான்."

"எல்லா வீட்லயும் அப்படித்தான் பறையுது, சாரே. நேத்து போன வீட்ல ஃப்ரிட்ஜே இரவல்னாங்க."

"என் சம்பளச் சான்று, வாடகை ரசீது எல்லாம் உங்க கையில இருக்கே."

"பேப்பர் எல்லாருக்கும் ஒண்ணு போலத்தான் இருக்கும். அதுக்குத்தானே என்னை அனுப்பறது? கண்டதைத்தான் எழுத முடியும்." ஆட்டோவில் ஏறியவர், கொஞ்சம் தயங்கி, "மோளுக்கு இங்க காலேஜ்ல ரெஜிஸ்டர் செஞ்சு வெச்சிடுங்க, சாரே," என்றார்.

உள்ளே வந்து அதை அப்படியே சொன்னேன். மகள் சங்கிலியைக் கழற்றி அம்மாவின் உள்ளங்கையில் வைத்தாள். யாரையும் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என் மனைவிக்கு அழுவதற்காவது வழி கிடைத்திருக்கும். கேசரி பாதிக்கு மேல் மீந்திருந்தது. ராத்திரி யாரும் அதைத் தொடவில்லை.

மறுநாள் காலையில் முதல் வேலையாக மகளைக் கூட்டிக்கொண்டு தெருமுனையிலிருக்கும் இ-சேவை மையத்துக்குப் போனேன். எந்தக் கல்லூரியை முதலில் போடட்டும் என்று அங்கிருந்த பெண் கேட்டாள். எதுவானாலும் போதும் என்று மகள் மலையாளத்தில் சொன்னாள்.